2,065 கெஜம்: மைக் பிரிங்கிலின் சாதனையைப் படிப்பது எப்படி?

2,065 கெஜம் என்பது மீட்டர் கணக்கில் 1,888. சாதாரண நடையில் 25 நிமிடத்தில் முடிந்துவிடும் தூரம். 1998இல் மாண்ட்ரியல் அலுவெட்ஸ் அணியின் மைக் பிரிங்கிலுக்கு இந்தத் தூரத்தைக் கடக்க 18 ஆட்டங்கள் பிடித்தன. 347 முறை பந்தைக் கையில் வாங்கினார். பெரும்பாலான முறை யாராவது அவரைத் தரையில் சாய்த்தார்கள். கனடியக் கால்பந்து லீக்கில், அதாவது சி.எஃப்.எல்.லில், ஒரே பருவத்தில் 2,000 கெஜத்தைத் தாண்டி ஓடியவர் அவருக்கு முன்பு எவரும் இல்லை. பிறகும் எவரும் இல்லை.

கால்பந்து என்றதும் நமக்கு நினைவுக்கு வரும், காலால் உதைத்து கோல் போடும் ஆட்டம் இதுவல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, இரு முனையும் கூரான பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறும் ஆட்டம். அமெரிக்கக் கால்பந்துக்குப் பங்காளி முறை. ஒரே வீட்டில் பிறந்து, பிறகு தனி அடுப்பு வைத்துக்கொண்டது. இதில் ரன்னிங் பேக் என்பவரின் முதல் வேலை, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவது. அப்படி ஓடி முன்னேறிய தூரம்தான் அவர் பெயரில் ஏறும் ஓட்ட கெஜம்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லத் தேவையில்லை. ஒருவர் எத்தனை ரன் எடுத்தார் என்பதோடு எத்தனை பந்தில், எந்த ஆடுகளத்தில், எந்த வடிவ ஆட்டத்தில் என்று கேட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். 2,065க்கும் அதே கதை. கனடாவின் ஆட்ட விதிகள் பயிற்சியாளரை எந்நேரமும் “எறி, எறி” என்று தூண்டுபவை. அங்கே ஒருவரை 347 முறை ஓடவிட்டார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்று வாய்ப்பு, உண்மையில் இரண்டு

பந்தை வைத்திருக்கும் அணி 10 கெஜம் முன்னேற வேண்டும். அதற்கு அமெரிக்காவில் நான்கு முயற்சி. கனடாவில் மூன்றுதான். ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். 10 கெஜம் கிடைத்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கிடைக்காவிட்டால், பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். அப்படிக் கொடுக்க எவருக்கும் மனம் வராது. அதனால் மூன்றாவது டவுன் வந்ததும் பெரும்பாலும் பந்தை எட்ட உதைத்துவிடுவார்கள். அதற்கு பன்ட் என்று பெயர். கம்பங்கள் உதை எட்டும் தூரத்தில் இருந்தால் ஃபீல்டு கோல், அதாவது அவற்றுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்க, முயல்வார்கள். ஆக முன்னேறுவதற்கு மீதி இருப்பவை இரண்டே முயற்சிகள்.

இதை எண்ணில் பாருங்கள். முதல் டவுனில் ஓடி 3 கெஜம் கிடைத்தால், இரண்டாவது டவுனில் 7 கெஜம் பாக்கி. பந்தை எறியப் போகிறார்கள் என்று அரங்கத்தில் கடலை கொறிப்பவருக்குக்கூடத் தெரியும். தடுப்பணி அதற்கேற்பப் பின்வாங்கிக் காத்திருக்கும். முதல் டவுனில் 5 கிடைத்தால் பாக்கி 5. இப்போது ஓடவும் செய்யலாம், எறியவும் செய்யலாம், எதிரணி குழம்பும். கனடாவில் நல்ல ஓட்டத்துக்கும் வீண் ஓட்டத்துக்கும் நடுவே உள்ள கோடு ஏறக்குறைய இந்த 5 கெஜம்தான்.

அமெரிக்காவில் 4, 3, 3 என்று ஓடினால் பத்து வந்துவிடும். நாலு நாலாகச் சேர்ப்பவர் அங்கே நல்ல வேலைக்காரர். கனடாவில் இரண்டு நாலு எட்டு, அடுத்தது பன்ட். அதே ஓட்டக்காரரை வைத்துக்கொண்டு அணி பந்தை உதைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிரிங்கில் 1998இல் ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக எடுத்தது 5.95 கெஜம். தொழில் வாழ்க்கை முழுவதற்கும் 5.5. இந்தச் சராசரி நாலரையாக இருந்திருந்தால் 347 முறை பந்து அவர் கைக்கு வந்தே இருக்காது.

எறிவதற்கு ஆசை காட்டுபவை வேறு சிலவும் உண்டு. அவர் ஆடிய காலத்தில் கனடிய மைதானம் 110 கெஜ நீளம், 65 கெஜ அகலம். அமெரிக்க மைதானம் 100 கெஜ நீளம், 53 கெஜத்துக்குச் சற்று அதிகமான அகலம். அணிக்கு 11 பேருக்குப் பதில் 12 பேர். பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள், ஆட்டம் தொடங்கும் முன்பே கோட்டை நோக்கி முழு வேகத்தில் ஓடி வரலாம். அமெரிக்காவில் இதற்கு அனுமதி இல்லை. ஓடி வரும் ரிசீவரை, நின்ற இடத்திலிருந்து கிளம்பும் தடுப்பாளர் எப்படிப் பிடிப்பார்? 1991இல் டக் ஃப்ளூட்டி என்ற குவார்ட்டர்பேக் ஒரே பருவத்தில் 6,619 கெஜம் எறிந்தார். இப்படியான லீக்கில் ஆட்டத்துக்கு 19 முறை ஓட்டத்தை அழைக்கும் பயிற்சியாளருக்கு, ஓடுபவர் மேல் அசாத்திய நம்பிக்கை வேண்டும்.

ஆனால் எறிபவருக்கு விரித்த பாயில் ஓடுபவருக்கும் ஓர் ஓரம் கிடைக்கிறது. முதலாவது, நடு இடைவெளி. பந்து வைக்கப்படும் கோட்டிலிருந்து தடுப்பணி ஒரு முழு கெஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும். அமெரிக்காவில் இரு அணிக்கும் இடையே பந்தின் நீளம் மட்டும்தான், அதாவது சுமார் 11 அங்குலம். அந்த 36 அங்குலத்துக்குள், முன்வரிசையில் நின்று எதிராளியைத் தள்ளி வழி திறக்கும் லைன்மேன் ஓரடி எடுத்துவைத்து உடலைத் தாழ்த்திக்கொள்ள முடிகிறது. இரண்டாவது, அகலமான மைதானத்தில் ஐந்து ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தினால் அவர்களைக் கவனிக்கத் தடுப்பாளர்களும் பரவ வேண்டியிருக்கும். நடுவில் நிற்பவர்கள் ஆறு அல்லது ஏழு பேர்தான். முதல் வரிசையைத் தாண்டிவிட்டால் முன்னால் வெறும் புல்.

இதே ஒரு கெஜ விதிக்கு இன்னொரு விளைவும் உண்டு. இன்னும் 1 கெஜம்தான் பாக்கி என்றால் குவார்ட்டர்பேக்கே பந்தை அணைத்துக்கொண்டு முன்னால் சரிந்து விழுவார், பெரும்பாலும் கிடைத்துவிடும். பந்தோடு கோல் கோட்டைத் தாண்டுவது டச்டவுன்; கோட்டருகே சுலபமாகக் கிடைக்கும் டச்டவுன்கள் பல இப்படி ரன்னிங் பேக்கின் கணக்கிலிருந்து நழுவிப்போகும். கடைசியில் ஒரு கணக்குப் பார்க்கும்போது இது தேவைப்படும்.

ஒரு ஓட்டத்துக்குள் என்ன நடக்கிறது

பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்ததிலிருந்து ஓடுபவர் கோட்டைத் தாண்டுவதற்கு இரண்டு விநாடிக்கும் குறைவான நேரமே ஆகும். அதற்குள் அவர் செய்ய வேண்டியது ஒரு முடிவு, ஒரே ஒரு முடிவு. வெளிப்புற ஸோன் என்ற ஓட்ட முறையை எடுத்துக்கொள்வோம். ஐந்து லைன்மேன்களும் ஒரே பக்கமாக, வலம் என்றால் எல்லோரும் வலம், ஓரடி வைத்துத் தள்ளுவார்கள். யாரைத் தள்ளுவது என்று முன்கூட்டியே பெயர் குறித்து வைப்பதில்லை. தன் பாதையில் வருபவரைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். ஓடுபவர் கடைசி லைன்மேனின் வெளித் தோளைக் குறிவைத்துக் கிளம்புவார். அங்கே நிற்கும் தடுப்பாளர் உள்பக்கம் தள்ளப்பட்டால் வெளியே சுற்றுவார். தடுப்பாளர் வெளியே முண்டினால் அவருக்கு உள்பக்கமாக ஒரே வெட்டில் திரும்பி மேலே ஏறுவார்.

புதியவர்கள் சறுக்குவது அந்த வெட்டில்தான். வாசல் திறக்கும் முன்பே ஓடிப்போய்ச் சொந்த லைன்மேன் முதுகில் மோதுவது ஒரு வகை. திறந்த வாசல் பிடிக்காமல் இன்னொன்றைத் தேடி இரண்டாவது, மூன்றாவது வெட்டு போடுவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் அதிகச் சேதம் செய்யும். தள்ளிக்கொண்டிருக்கும் லைன்மேனால் ஒருவரை ஒன்றரை விநாடிக்கு மேல் பிடித்து வைக்க முடியாது. ஓடுபவர் நின்று ஆடினால், பின்பக்கத்திலிருந்து துரத்தி வருபவர் எட்டிவிடுவார். 3 கெஜம் வந்திருக்க வேண்டிய இடத்தில் 2 கெஜம் நஷ்டம். கண்ணைக் கவரும் ஓட்டம் வேறு, சராசரியை ஏற்றும் ஓட்டம் வேறு. பிரிங்கில் இரண்டாவது ரகம். சுமார் 5 அடி 8 அங்குல உயரம் அவருக்கு இதில் உதவியது. பெருத்த லைன்மேன்களின் பின்னால் மறைந்து வருபவரைத் தடுப்பாளர் கண்டுபிடிப்பதற்குள் அவர் பக்கத்தில் வந்திருப்பார்.

இரண்டாவது டவுனில் பாக்கி அதிகம் இருக்கும்போது கனடாவில் செல்லுபடியாகும் உத்தி டிரா. குவார்ட்டர்பேக் எறிவதற்குப் போவதுபோலப் பின்னால் நகர்வார். லைன்மேன்களும் எறிதலைக் காப்பதுபோல எழுந்து நிற்பார்கள். தடுப்பணி ஆவேசமாக உள்ளே பாயும். அப்போது பந்து சத்தமில்லாமல் ஓடுபவர் கைக்கு மாறும், பாய்ந்தவர்கள் விட்டுவந்த இடமே அவருக்குப் பாதை. இதில் தவறு நடப்பது நடிப்பில். ஓடுபவர் அரை விநாடி முன்னதாகக் கை நீட்டினால் நடுவே நிற்கும் லைன்பேக்கர், அதாவது தடுப்பணியின் இரண்டாம் வரிசைக்காரர், புரிந்துகொள்வார், அத்தோடு முடிந்தது.

பந்தைப் பிடிக்கும் முறைக்கும் இலக்கணம் உண்டு. கூர்முனையை விரல்கள் மூட வேண்டும். பந்தின் உடல் உள்ளங்கையிலும் முன்கையிலும் பதிய வேண்டும். மறுமுனை முழங்கை மடிப்பில், பக்கவாட்டு விலா எலும்போடு ஒட்டி. இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் பின்னாலிருந்து வரும் ஒரு குத்து பந்தைப் பிதுக்கிவிடும். இதற்கு ஃபம்பிள் என்று பெயர். கூட்டத்துக்குள் நுழையும்போது இரண்டு கையாலும் மூட வேண்டும். ஓரமாக ஓடும்போது பந்து எல்லைக்கோட்டுப் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். அப்போது தவறினாலும் வெளியே உருண்டு போகத்தான் வாய்ப்பு அதிகம். கனடிய விதியில் வெளியே போன பந்து கடைசியாகத் தொட்ட அணிக்கே சொந்தம்.

பார்வையாளர் கவனிக்காத வேலை ஒன்று பாக்கி. குவார்ட்டர்பேக் எறியும்போது ரன்னிங் பேக்தான் அவருக்கு மெய்க்காவலர். பாய்ந்து வருபவர்கள் இருவர் என்றால் உள்ளே இருப்பவரை முதலில் தடுக்க வேண்டும், குவார்ட்டர்பேக்குக்குக் குறுகிய வழி அதுதான். வெளியே இருப்பவர் சுற்றி வருவதற்குள் பந்து போயிருக்கும். இதைத் தவறவிட்டால் குவார்ட்டர்பேக் முதுகில் அடி விழும். எவ்வளவு அழகாக ஓடினாலும் இரண்டு முறை இப்படி நடந்தால், பயிற்சியாளர் அடுத்த எறிதலுக்கு வேறொருவரை அனுப்புவார். மைதானத்தில் இல்லாதவருக்கு ஓட்டமும் கிடையாது. 347 என்ற எண்ணிக்கைக்குள் இந்தக் காவல் வேலையும் ஒளிந்திருக்கிறது.

இனி அந்த ஐந்து லைன்மேன்கள். சி.எஃப்.எல். ஆண்டுதோறும் சிறந்த தாக்குதல் லைன்மேனுக்கு விருது தருகிறது. 1994இல் ஷார் பூர்தானேஷ், 1995இல் மைக் விதிகோம்ப். இருவரும் பிரிங்கில் ஆடிய பால்டிமோர் அணியினர். 1999இல் உசூமா ஒகேகே, 2000இல் பியர் வெர்ஷவால், 2002இல் பிரையன் சூ. மூவரும் பிரிங்கில் ஆடிய மாண்ட்ரியல் அணியினர். சாதனைப் பட்டியலில் ஒரு பெயர்தான் அச்சாகும், ஆனால் அவர் ஓடியது இந்த முதுகுகளின் பின்னால்தான். அப்படியானால் சாதனை லைன்மேன்களுடையதா? பாதிக்குப் பாதி என்பது எங்கள் கணிப்பு. முதல் 3 கெஜம் அவர்கள் தருவது. அதற்குமேல் வருவது ஓடுபவரின் கண்ணும் காலும்.

கெஜம் எண்ணுபவர் எதை எழுதுவார்

பந்து வைக்கப்பட்ட கோட்டிலிருந்து, ஓடுபவர் சாய்க்கப்பட்ட இடம் வரை முழு கெஜங்களில் எழுதுவார்கள். பின்னால் சாய்க்கப்பட்டால் கழித்தல் கணக்கு. டச்டவுன் என்றால் கோல் கோடு வரைதான் கணக்கு, அதற்கு அப்பால் எவ்வளவு ஓடினாலும் வராது. பின்னோக்கித் தட்டிவிடப்பட்ட பந்தை வாங்கி ஓடினால் அது ஓட்டம். முன்னோக்கி எறியப்பட்ட பந்தைப் பிடித்து ஓடினால், அரை கெஜ எறிதலாக இருந்தாலும், அது பிடிப்புக் கணக்கு. சக வீரர் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்ததாக நடுவர் கொடி வீசினால், 40 கெஜ ஓட்டமும் அந்தத் தவறு நடந்த இடத்துக்கு அப்பால் காற்றோடு போகும்.

புதியவர்கள் அடிக்கடி தவறவிடுவது ஒன்று உண்டு. லீக்கின் வாழ்நாள் பட்டியல், வழக்கமான பருவ ஆட்டங்களை மட்டும் எண்ணும். நாக்-அவுட் ஆட்டங்களும் இறுதிப் போட்டியான கிரே கோப்பையும் அதில் சேராது. நவம்பர் குளிரில், பந்து கல்லாய் இறுகிய நேரத்தில், எறிய முடியாமல் அணி ஓட்டத்தையே நம்பியிருந்த நாட்களின் உழைப்பு வேறு ஏட்டில் இருக்கிறது.

பிரிங்கில் வந்த வழி

1967இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். கல்லூரி ஆட்டம் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில். 1990இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி, கல்லூரி வீரர் தேர்வின் ஆறாவது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது, ஆனால் அமெரிக்காவில் அவரது ஆட்டம் வேர்பிடிக்கவில்லை. 1992இல் எட்மன்டனுக்கு வந்தார். அங்கும் பெஞ்சில்தான் பெரும்பொழுது. 1993இல் சாக்ரமென்டோ.

சாக்ரமென்டோ கலிஃபோர்னியாவில் அல்லவா என்று கேட்டால், சரிதான். 1993 முதல் 1995 வரை சி.எஃப்.எல். அமெரிக்க நகரங்களிலும் கிளை விரித்துப் பார்த்தது. அதில் வந்த முதல் அணி சாக்ரமென்டோ. அந்த முயற்சி பணத்தில் தோற்றது. ஆட்டத்தில் முழுமையாகத் தோற்கவில்லை என்பதற்குச் சாட்சி பால்டிமோர். 1994இல் அங்கே போன பிரிங்கில், முதல் பருவத்திலேயே 1,972 கெஜம் ஓடினார். 1975இல் கால்கரியின் வில்லி பர்டன் வைத்திருந்த 1,896 கெஜச் சாதனை உடைந்தது. அந்த ஆண்டு கிரே கோப்பை இறுதியில் பால்டிமோர், பிரிட்டிஷ் கொலம்பியா லயன்ஸிடம் 26–23 என்று கடைசி நொடி ஃபீல்டு கோலில் தோற்றது. மறு ஆண்டு பிரிங்கில் 1,791 கெஜம் ஓடி, லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதும் வாங்கினார். கால்கரியை 37–20 என்று வென்று பால்டிமோர் கோப்பையும் எடுத்தது. கிரே கோப்பையை வென்ற ஒரே அமெரிக்க அணி இன்றுவரை அதுதான்.

அதற்குள் என்.எஃப்.எல். அணி ஒன்று பால்டிமோருக்குக் குடிவர, கோப்பை வென்ற அணி மூட்டை கட்டிக்கொண்டு மாண்ட்ரியலுக்குப் போனது. பிரிங்கிலும் 1996இல் அங்கே ஆடினார். 1997 முதல் 2000 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து லீக்கில் அதிகம் ஓடியவர் அவர்தான். அந்த நான்கில் ஒன்று 1998.

1998ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஆட்டத்துக்கு 19 ஓட்டம், 115 கெஜம். ஒருநாள் 40 கெஜத்தில் அடங்கிப்போனால், சராசரியைக் காக்க அடுத்த ஆட்டத்தில் 190 வேண்டும். முக்கால் பருவத்தில் ஒரு கணுக்கால் பிசகி இரண்டு ஆட்டம் உட்கார்ந்தாலே 230 கெஜம் போச்சு, 2,000 எட்டாது. அக்காலத்தில் இரு ஆட்ட அசைவுகளுக்கு இடையே நடுவர் தருவது 20 விநாடி. விழுந்தவர் எழுந்து, மூச்சு வாங்கி, அடுத்த உத்தரவைக் கேட்டு, நிற்க வேண்டிய இடத்துக்கு வர அவ்வளவுதான் நேரம். ஓட்டத்துக்கு 6 கெஜம் எடுக்கக்கூடிய வீரர்கள் லீக்கில் அவ்வப்போது வருகிறார்கள். அதையே 347 தடவை செய்து, 18 ஆட்டமும் தாக்குப்பிடித்து நிற்பவர் வருவதில்லை. அந்த ஆண்டும் மிகச்சிறந்த வீரர் விருது அவருக்கே.

2002இல் மாண்ட்ரியல், எட்மன்டனை எட்மன்டனிலேயே 25–16 என்று வென்று கோப்பை எடுத்தது. பிரிங்கிலுக்கு அப்போது 35 வயது. ரன்னிங் பேக்குக்கு அது பாட்டனார் வயது. மாண்ட்ரியல் அவரை விடுவித்தது. எடுத்துக்கொண்டது யார் என்றால், அதே எட்மன்டன். 2003இல் அங்கே 1,376 கெஜம் ஓடினார். அந்த நவம்பரில் எட்மன்டன் மாண்ட்ரியலை 34–22 என்று வீழ்த்தியது. முந்தைய ஆண்டு ஒரு பக்கம், இந்த ஆண்டு மறுபக்கம், இரண்டு முறையும் கோப்பை அவர் பக்கம். 2004 பருவத்தில் லீக்கின் வாழ்நாள் ஓட்டச் சாதனையைக் கடந்தார். 16,425 கெஜத்தோடு ஓய்வு. கிலோமீட்டரில் 15. 2008இல் கனடியக் கால்பந்துப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். அவருடைய 27ஆம் எண் சட்டையை மாண்ட்ரியலில் இனி யாரும் அணிய முடியாது.

அவர் கடந்த மனிதர்

பிரிங்கில் தாண்டிய சாதனை ஜார்ஜ் ரீடுடையது. மிசிசிப்பியில் பிறந்து, வாஷிங்டன் மாநிலத்தில் வளர்ந்து, 1963 முதல் 1975 வரை 13 பருவமும் சஸ்காச்சுவான் ரஃப்ரைடர்ஸ் என்ற ஒரே அணிக்கு ஆடியவர். 3,243 ஓட்டம், 16,116 கெஜம். ஓய்வு பெற்றபோது அமெரிக்காவையும் சேர்த்து, தொழில்முறை ஆட்டத்திலேயே அதிகம் ஓடியவர் அவர்தான். பிறகுதான் சிகாகோவின் வால்டர் பேட்டன் 16,726க்குப் போனார். 1966இல் சஸ்காச்சுவான் தன் முதல் கிரே கோப்பையை 29–14 என்று வென்றபோது அந்த இறுதிப் போட்டியின் நாயகன் ரீட். எதிரணி ஒட்டாவா ரஃப் ரைடர்ஸ். ஆமாம், ஒன்பதே அணி உள்ள லீக்கில் இரண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரே பெயர். நேர்முக வர்ணனையாளர்கள் எப்படிச் சமாளித்தார்களோ! ரீட் வீரர் சங்கத்தின் தலைவராகவும் பல ஆண்டுகள் இருந்தார். 2023 அக்டோபர் 1 அன்று, 84ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலமானார்.

இருவரில் யார் பெரியவர்? ரசிகர்கள் இன்னும் மோதிக்கொள்ளும் கேள்வி. 2006இல் டி.எஸ்.என். தொலைக்காட்சி லீக்கின் தலைசிறந்த 50 வீரர்களைப் பட்டியலிட்டபோது ரீட் இரண்டாம் இடம், பிரிங்கில் நான்காம் இடம். சராசரியை வைத்துப் பார்த்தால் பிரிங்கில் 5.5, ரீட் 5.0க்கு ஒரு மயிரிழை கீழே. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ரீட் ஃபுல்பேக். நடுவே மோதிப் பாதை உடைப்பது, இரண்டு கெஜம் தேவையான இடத்தில் இரண்டு கெஜத்தை உறுதியாகக் கொண்டுவருவது அவர் வேலை. அப்படிப்பட்ட ஓட்டங்கள் வெற்றி பெற்றாலும் சராசரியைக் குறைக்கவே செய்யும். மேலும் அவர் காலத்தில் மேற்குப் பிரிவு அணிகளுக்குப் பருவத்துக்கு 16 ஆட்டம்தான், பிரிங்கிலுக்கு 18. 1961இல் கால்கரியின் எர்ல் லன்ஸ்ஃபோர்டு 1,794 கெஜம் ஓடியபோது, ஒரு மைலைத் தாண்டிவிட்டார் என்று பேசினார்கள். ஒரு மைல் 1,760 கெஜம். பருவச் சாதனைகளை ஒப்பிடும்போது ஆட்ட எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்காமல் பேசுவது வீண்.

அந்த வகுத்தலை 2,065க்கும் செய்துவிடலாம். பிரிங்கில் ஆட்டத்துக்கு 114.7. பர்டன் 1975இல் 16 ஆட்டங்களில் 118.5. ஆட்டவாரியாகப் பார்த்தால் பர்டன் ஒரு படி மேல் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

இதுவரை சொன்ன ஐவரும், பிரிங்கில், ரீட், பர்டன், லன்ஸ்ஃபோர்டு, பேட்டன், அமெரிக்கர்கள். ஒவ்வொரு சி.எஃப்.எல். அணியும் குறிப்பிட்ட எண்ணிக்கைக் கனடியர்களைக் களமிறக்கியாக வேண்டும். பயிற்சியாளர்கள் வழக்கமாக அவர்களை லைன்மேன்களாக நிறுத்திவிட்டு, ரன்னிங் பேக் இடத்தை அமெரிக்கருக்குக் கொடுப்பார்கள். அதனால் கனடியர்களின் ஓட்டச் சாதனை தனியாகப் பேசப்படும். 1956இல் சீனக் குடியேறிகளின் மகனான நார்மி குவாங் ஓடிய 1,437 கெஜம் 56 ஆண்டு நின்றது. அவர் பின்னாளில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் துணை ஆளுநரானார். 2012இல் ஜான் கார்னிஷ் அதை உடைத்து, மறு ஆண்டு 1,813க்குக் கொண்டுபோனார். வின்னிபெக்கில் பிறந்த ஆண்ட்ரூ ஹாரிஸ் 10,000 கெஜம் கடந்த முதல் கனடியர். 2019 கிரே கோப்பையில் ஆட்டநாயகன், சிறந்த கனடியர் என்ற இரண்டு விருதையும் சேர்த்து வாங்கினார். 2024இல் மிகச்சிறந்த வீரர் விருது வாங்கிய பிரேடி ஒலிவேராவும் வின்னிபெக்காரர். பழைய வழக்கம் மெல்ல உடைகிறது.

ரீடையும் பிரிங்கிலையும் பற்றி ஒரு கணக்கு மீதி இருக்கிறது. வாழ்நாள் கெஜத்தில் பிரிங்கில் 309 முன்னால். 1998இன் வேகத்தில் அது மூன்று ஆட்டம்கூட இல்லை. ஓட்டங்களோ ரீடைவிட 281 குறைவு. ஓடி எடுத்த டச்டவுனில் ரீட் 134, பிரிங்கில் 125. கோட்டருகே மோதி உடைக்கும் ஃபுல்பேக்குக்கும் பரந்த வெளியில் ஓடுபவருக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒன்பதில் தெரியும். பிடித்து எடுத்தவற்றையும் சேர்த்தால், 13 பருவம் ஆடிய இருவருக்கும் மொத்தம் 137. ஒன்றுகூடக் கூடுதல் குறைவு இல்லை.